எதற்கும் 'உண்டு' சொன்ன அடாப்டர்

பாறசாலை ராஜையா மகன் ஜெயதாஸ் 1968 ஜூலை 3, புதன்கிழமை பிறந்தார். 1997 நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது ஐம்பத்திரண்டு வரை அவர் யாரிடமாவது 'முடியாது' என்று சொன்னதாக என்னிடம் பதிவு இல்லை. இருபத்தொன்பது ஆண்டு, நான்கு மாதம், இருபது நாள். அன்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். அந்த இரண்டையும் பற்றித்தான் எழுதுகிறேன்.

'முடியாது' சொல்லாதவர் என்றால் நல்லவர் என்று நினைத்துவிடக்கூடாது. 1996 மே மாதம் ஒரே நாளில் நான்கு புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு வருவதாக ஏற்றார். நான்கு வீட்டிலும் இலை போட்டுக் காத்திருந்தார்கள். அவர் ஐந்தாவது வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதே ஆண்டு ஆரியங்கோட்டுக்காரர் ஒருவர் ரப்பர் ஷீட் அடிக்கும் பழுதான ரோலரைக் கொண்டுவந்து, "சாருக்கு மெஷின் வேலை எல்லாம் தெரியுமில்லியா, இத நன்னாக்க முடியுமா?" என்று கேட்டார். நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, துணிக்கடை மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவரிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது? "அதுக்கென்ன, வச்சிட்டுப் போங்க" என்றார் ஜெயதாஸ். இரண்டு ஆண்டு கழிந்தும் ரோலர் அங்கேயே இருந்தது. வாடிக்கையாளர்கள் அதன்மேல் குடை வைப்பார்கள்.

திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் மூன்று ஆண்டு வேலை பார்த்துவிட்டு 1995-இல் இந்த சென்டரைத் தொடங்கினார். சென்டரில் வைத்து அவர் எழுதியதுதான் 'ஜே.டி. மேப்பர்' என்ற நிரல் தொகுப்பு. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நிரல் எழுதுகிறவர்கள் உலகத்தை ஆள், சபை, கல்யாணம் என்று பொருள் பொருளாக நினைக்கிறார்கள். தகவல் தங்கும் டேட்டாபேஸுக்கு ஆளும் தெரியாது, கல்யாணமும் தெரியாது. அது நெடுக்கிலும் குறுக்கிலும் கோடு போட்ட அட்டவணை. கல்யாணத்தைப் பார்த்து 'உன்னைச் சேமித்துக்கொள்' என்று நிரல் சொன்னால், அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து அட்டவணையில் எழுதுவதும், கேட்டால் திரும்பச் சேர்த்துக் கல்யாணமாகக் கொடுப்பதும் மேப்பரின் வேலை.

ஆனால் டேட்டாபேஸ் ஒவ்வொன்றுக்கும் பேச்சு வேறு. ஒன்று தேதியை மேற்கோள் குறிக்குள் கேட்கும், இன்னொன்று வளைந்த அடைப்புக்குள் கேட்கும். ஒன்றில் ஆம்-இல்லை என்பதற்கு இடமே கிடையாது, '1' அல்லது '0' என்றுதான் எழுத வேண்டும். இன்னொன்றில் அட்டவணையின் நெடுக்குப் பத்தியின் பெயர் பத்து எழுத்தைத் தாண்டக்கூடாது. இந்த வேற்றுமை எதுவும் மேப்பருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அதனால் டேட்டாபேஸ் ஒன்றுக்கு ஒருவராக, நடுவில் 'அடாப்டர்' என்ற துண்டு நிரல் உட்காருகிறது. மேப்பர் சொல்வதை அந்தந்த டேட்டாபேஸின் பேச்சில் சொல்லி, அது தரும் பதிலை மேப்பருக்குப் புரியும்படி திருப்பித் தருவது அதன் உத்தியோகம்.

அதற்கு இன்னொரு கடமையும் உண்டு. வேலை தொடங்குமுன் மேப்பர் அதனிடம் சில கேள்விகள் கேட்கும். ஜெயதாசின் மேப்பரில் ஏழு கேள்விகள். நான்காவது: 'பாதியில் நிறுத்தச் சொன்னால், அதுவரை எழுதியதையெல்லாம் எழுதாததுபோல் ஆக்க உன் டேட்டாபேஸால் முடியுமா?' முடியாது என்றால் குற்றமில்லை. மேப்பர் வேறு ஏற்பாடு செய்துகொள்ளும், அல்லது இந்த வேலைக்கு நான் இல்லை என்று நின்றுவிடும். முடியாததை முடியும் என்று சொன்னால்தான் ஆபத்து. ஏனென்றால் மேப்பர் அதை நம்பும். நம்புவதைத் தவிர அதற்கு வழியில்லை.

ஜெயதாஸ் எழுதிய அடாப்டர்கள் ஏழு கேள்விக்கும் 'உண்டு' என்றே பதில் சொல்லின.

எங்கள் வட்டாரக் கிறிஸ்தவச் சபை மன்றத்தில் ஒன்பது சபைகள். அதன் பதிவேடுகளை நாற்பத்தோராண்டு நான் கையால் எழுதினேன். 1997-இல் மன்றம் கம்ப்யூட்டர் வாங்கியது. எட்டு சபைகளின் பதிவு புதிய பெரிய டேட்டாபேஸில் ஏறியது. ஒன்பதாவது, செங்கல் ஊருக்கு அப்பாலுள்ள கொன்னக்காட்டுவிளைச் சபை. அவர்கள் நான்கு ஆண்டு முந்தியே தங்கள் பதிவைப் பழைய டி.பி.எஃப். ஃபைல்களில் ஏற்றியிருந்தார்கள். அதைப் பெரியதோடு சேர்ப்பது சபையை விற்பதற்குச் சமம் என்று பொதுக்கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். ஆகவே அவர்களுடைய பழைய மெஷின், மன்ற அலுவலகத்தில் புதிய மெஷினுக்குப் பக்கத்து மேசையில் தனி ராஜ்யமாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு ஒயர். இரண்டையும் ஒரே நிரலில் இணைக்க முடியுமா என்று கமிட்டி கேட்டது. யாரிடம் கேட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

எங்களிடம் கல்யாண ஓலை என்று ஒரு வழக்கம். மாப்பிள்ளை, பெண் இருவரின் பெயரும் அவரவர் சபையில் மூன்று ஞாயிறு தொடர்ந்து வாசிக்கப்படும். தடை சொல்ல நினைக்கிறவர் ஆராதனையிலேயே எழுந்து சொல்ல வேண்டும். மாப்பிள்ளை ஒரு சபை, பெண் ஒரு சபை என்றால் ஒரே ஓலை இரண்டு இடத்தில் பதிவாக வேண்டும். எழுதினால் இரண்டிலும் எழுத வேண்டும், எடுத்தால் இரண்டிலிருந்தும் எடுக்க வேண்டும். நான்காவது கேள்வி இதற்காகத்தான்.

நவம்பர் 7, வெள்ளிக்கிழமை மாலை நான்கு பத்துக்குக் கமிட்டி முன்னால் ஜெயதாஸ் செய்து காட்டினார். தலைவர் போதகர் வேதமாணிக்கம். ஒன்பது உறுப்பினர். அதில் பெண் ஒருவர், கொன்னக்காட்டுவிளைச் சபையைச் சேர்ந்த மிஷன் பள்ளித் தலைமையாசிரியை சுகிர்தபாய். வயது ஐம்பத்தொன்று. கல்யாணம் வேண்டாம் என்று இருபது வயதிலேயே சொல்லி, அதில் நின்றவர்.

"சும்மா ஒரு ஓலை போடுறேன். பாதியில ரத்து செய்றேன். ரெண்டு எடத்துலயும் தடம்கூட இருக்காது" என்றார் ஜெயதாஸ். மாப்பிள்ளை இடத்தில் பாறசாலைக்காரரான தன் பெயரையே போட்டார். பெண், கொன்னக்காட்டுவிளைச் சபையிலிருந்து வேண்டும். அந்தச் சபையில் அவருக்கு உண்மையிலேயே ஒரு பெண் நிச்சயமாகியிருந்தாள். லீலாபாய் டீச்சரின் மகள் ஷாலு, மஸ்கட்டில் நர்ஸ். டிசம்பர் 18 கல்யாணம், ஆண்டுக் கடைசியில் ஷாலுவின் லீவு முடிகிறது. விளையாட்டுக்கு அவள் பெயரைப் போட அவருக்குத் துணிச்சல் வரவில்லை. பட்டியலைப் பார்த்து முழித்தார்.

"எனக்க பேரப் போடு மக்கா. அதுனால ஒருத்தருக்கும் சேதமில்ல" என்றார் சுகிர்தபாய்.

எல்லாரும் சிரித்தார்கள். போட்டார். ரத்து செய்தார். 'இரண்டிலும் நீக்கப்பட்டது' என்று திரையில் வந்தது. புதிய மெஷினில் தேடிக் காட்டினார், ஒன்றுமில்லை. கை தட்டினார்கள். சுகிர்தபாய் தட்டவில்லை.

"அந்தப் பழைய பெட்டியில நெசமாவே போச்சா, இல்ல போச்சுன்னு அது சொல்லுதா?"

"போச்சு டீச்சர். அதுவும் இதுவும் ஒண்ணு போலயாக்கும்."

"தொறந்து பாக்காண்டாமா?"

"டீ ஆறுது" என்றார் போதகர். எல்லாரும் எழுந்தார்கள். மணி நான்கு முப்பத்தைந்து.

பழைய டி.பி.எஃப். ஃபைலுக்கு எழுதியதை மொத்தமாகத் திரும்ப எடுக்கும் சக்தி கிடையாது. பிற்பாடு அந்த அடாப்டரின் அச்சுப் பிரதியை வாங்கிப் பார்த்தேன். 'திரும்ப எடு' என்ற தலைப்பின் கீழே திரும்ப எடுப்பதற்கென்று ஒரு வரிகூட இல்லை. 'வெற்றி' என்று பதில் சொல்லும் ஒற்றை வரி மட்டும் இருந்தது. அதனால் அந்த விளையாட்டு ஓலை பழைய ஃபைலிலேயே தங்கிவிட்டது.

நவம்பர் 9, ஞாயிறு. கொன்னக்காட்டுவிளையில் உபதேசியார் ரெத்தினதாஸ், மன்ற முத்திரையோடு மெஷினில் அச்சாகி வந்த காகிதத்தைப் பிரித்து வாசித்தார். "பாறசாலைச் சபை ராஜையா குமாரன் ஜெயதாசுக்கும், இச்சபை சுகிர்தபாய்க்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது. தடை அறிந்தவர் இப்போதே சொல்லவும். இது முதல் ஞாயிறு."

கையால் எழுதிய ஓலையாக இருந்தால் ரெத்தினதாஸ் வாசிக்குமுன் மூன்று பேரிடம் கேட்டிருப்பார். என் கையெழுத்தில் ஒரு புள்ளி தள்ளி விழுந்தாலே சைக்கிளில் வந்து நிற்கிற மனிதர். இது அச்சில் வந்தது. அச்சில் வந்ததைச் சந்தேகிக்க அவருக்கு அதிகாரம் இல்லை என்று நினைத்தார்.

சபையும் அதிர்ந்து போகவில்லை என்பதுதான் வேடிக்கை. வெளியே மாமரத்தடியில் நின்று இப்படிப் பேசினார்கள்:

"பையனுக்கு இருவத்தொம்பது, டீச்சருக்கு அம்பத்தொண்ணு. இது எப்பிடிலே ஒத்துவரும்?"

"யாராவது கேட்டிருப்பாவ. அவன் சரின்னிருப்பான். அவன் எதுக்குலே வேண்டாம்னு சொல்லியிருக்கான்?"

"அப்ப லீலாபாய்க்க மவ?"

"அதுக்கும் சரின்னிருப்பான்."

லீலாபாய் டீச்சர் முதல் பெஞ்சில் இருந்தார். பாட்டுப் புத்தகத்தை மூடி, குடையை எடுத்து, ஆசீர்வாதத்துக்கு நிற்காமல் நடந்துவிட்டார். முப்பது ஆண்டில் அதுவே முதல் தடவை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஜெயதாஸ் அவர் வீட்டுக்கு ஓடினார். "மாமி, மெஷினுக்க தப்பாக்கும். இன்னைக்கே அழிச்சிருதேன்."

"அழிக்க முடியுமா?"

"அதுக்கென்ன மாமி."

அழிக்கத்தான் செய்தார், அதே அடாப்டரை வைத்து. டி.பி.எஃப். ஃபைலில் ஒரு வரியை அழி என்றால் அது அழிவதில்லை. வரியின் முன்னால் ஒரு நட்சத்திரப் புள்ளி விழும், அவ்வளவுதான். வரி இருந்த இடத்திலேயே இருக்கும். தனியாக ஒரு கட்டளை கொடுத்து ஃபைலைச் சுருக்கினால்தான் உண்மையில் போகும். அடாப்டர் புள்ளியைப் போட்டது, 'அழிந்தது' என்றது. ஜெயதாசும் அப்படியே லீலாபாய் டீச்சரிடம் சொன்னார். ஓலை அச்சடிக்கும் நிரலோ நான்கு ஆண்டுப் பழையது. மேப்பர், அடாப்டர் யாரையும் அதற்குத் தெரியாது. நேராக ஃபைலைத் திறந்து, புள்ளி போட்டது, போடாதது எல்லாவற்றையும் அச்சடித்தது.

நவம்பர் 16. "இது இரண்டாம் ஞாயிறு" என்று வாசித்தார் ரெத்தினதாஸ்.

இனி நடக்கவேண்டியதை விதிப் புத்தகத்தில் பார்க்கும்படி போதகர் என்னிடம் கேட்டார். பதினான்காம் விதி: ஒருவர் பெயரில் ஓர் ஓலை வாசிப்பில் இருக்கும்போது, அதே பெயரில் இன்னொன்று ஏற்கப்படாது. வாசிக்கத் தொடங்கிய ஓலை இரண்டே வழியில் முடியும். ஒன்று கல்யாணம். மற்றது, சபையில் எழுந்து சொல்லப்பட்ட தடை. மெஷினில் அழிப்பது மூன்றாவது வழி என்று எங்கும் இல்லை. டிசம்பர் 18-க்குக் கல்யாணம் என்றால் ஷாலுவின் ஓலை நவம்பர் 30, டிசம்பர் 7, 14 ஆகிய மூன்று ஞாயிறும் வாசிக்கப்பட வேண்டும். அப்படியானால் தடை சொல்ல மீதியிருந்தது ஒரே ஒரு ஞாயிறு, 23-ஆம் தேதி.

ஜெயதாஸ் சுகிர்தபாயிடம் போனார். "டீச்சர், நீங்க எந்திரிச்சு ஒரு வார்த்த தடை சொன்னா போரும்."

"முப்பது வருஷமா மாப்பிளமார வேண்டாம்னு சொல்லிச் சொல்லி எனக்க நாக்கு தேஞ்சாச்சு மக்கா. இந்த ஒண்ண நீயே சொல்லு."

"எனக்க கல்யாணத்துக்கு நானே எப்பிடி டீச்சர்?"

"அண்ணைக்குத் தொறந்து பாரு, பாருன்னேன். டீ ஆறும்னு போனியே. அந்த டீக்கு வெல உண்டு."

பத்தொன்பதாம் தேதி ஷாலு மஸ்கட்டிலிருந்து வந்தாள். விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே கார் டிரைவர் விஷயத்தைச் சொல்லிவிட்டான். மறுநாள் வியாழக்கிழமை மாலை, விதிப் புத்தகத்தோடு நானும் லீலாபாய் டீச்சர் வீட்டில் இருந்தேன். ஜெயதாஸ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மெஷின், ஃபைல், புள்ளி என்று கால் மணி நேரம் விளக்கினார். ஷாலு குறுக்கிடாமல் கேட்டாள்.

"அந்தப் பழைய பெட்டிக்குத் திரும்ப எடுக்கத் தெரியாது. அது சரி. தெரியும்னு சொன்னது யாரு?"

"அடாப்டர்."

"அடாப்டர எழுதினது?"

"நான்."

"தெரியாதுன்னு எழுதியிருந்தா?"

"மேப்பர் நின்னுருக்கும். இந்த ஃபைல வச்சு வேல நடக்காதுன்னு கமிட்டிகிட்ட சொல்லவேண்டி வந்திருக்கும். அது ஒரு மாதிரியா இருந்துது."

"ஆஸ்பத்திரியில நோயாளிக்கு மருந்து குடுத்தாச்சான்னு டாக்டர் கேப்பாரு. குடுக்காம குடுத்தேன்னு சொன்னா ஆளு செத்துப்போவான். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். நீங்க ஆகஸ்ட்ல எங்க அம்மைகிட்ட எனக்கு சம்மதம்னு சொன்னியளே. அதும் ஒரு மாதிரியா இருந்ததுனால சொன்னதா?"

"இல்ல ஷாலு! அது நெசம்."

"அத நான் எங்க போய் தொறந்து பாப்பேன்?"

ஜெயதாசுக்கு ஏழு கேள்விக்குப் பதில் எழுதத் தெரியும். இது எட்டாவது.

"ஞாயித்துக்கெழம எங்க சபைக்கு வாருங்க. எந்திரிச்சு நீங்களே தடை சொல்லுங்க. மெஷின்னும் சுகிர்தபாய் டீச்சர்னும் ஆள் காட்டாண்டாம். சொல்லலேன்னா இருவத்தஞ்சாம் தேதி நான் திரும்பிப் போறேன். லீவு மிச்சம்."

"வாறேன்" என்றார் ஜெயதாஸ்.

"அவன் வாறேன்னு சொன்னா வருவான்னு அர்த்தமில்ல" என்று லீலாபாய் டீச்சர் என்னைப் பார்த்துச் சொன்னார். பால்காய்ப்பு நடந்த நான்கு வீட்டில் ஒன்று அவருடைய தம்பி வீடு.

நவம்பர் 23. ஆராதனை ஒன்பதுக்குத் தொடங்கிற்று. ஒன்பது பத்து வரை ஜெயதாஸ் இல்லை. ஒன்பது பதினேழுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். சபை நிரம்பி ஜன்னலுக்கு வெளியேயும் ஆள் நின்றது. கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருகிறவர்கள் பதினோரு பேரைக் கண்டேன். சுகிர்தபாய் நடுவில், புதுப் புடவை உடுத்தி, வேடிக்கை பார்க்க வந்தவரைப்போல் இருந்தார்.

"இது மூன்றாம் ஞாயிறு. தடை அறிந்தவர் இப்போதே சொல்லவும்" என்று ரெத்தினதாஸ் வாசித்து முடித்தார்.

ஷாலு முன்னால் பார்த்தபடி இருந்தாள். ரெத்தினதாஸ் காகிதத்தை மடிக்கத் தொடங்கினார். ஒரு மடிப்பு விழுந்தது. இரண்டாவது மடிப்பு விழுமுன் பின்னால் பெஞ்ச் கிரீச்சிட்டது.

"தடை உண்டு" என்றார் ஜெயதாஸ்.

"யாருக்க கல்யாணத்துக்கு?" என்று ரெத்தினதாஸ் கேட்டார். விதிப்படி கேட்க வேண்டியதுதான். ஆனாலும் சபை சிரித்தது.

"எனக்க கல்யாணத்துக்கு."

"காரணம்?"

"இந்த ஓலை நெசமில்ல. நான் போட்டது. எடுக்க முடியாததை எடுத்தேன்னு கமிட்டிகிட்ட சொன்னேன். அழிக்காததை அழிச்சேன்னு லீலாபாய் டீச்சர்கிட்ட சொன்னேன். பழைய பெட்டியால அது முடியாது. முடியாதுன்னு எனக்கு முன்னையே தெரியும்."

மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. பதிவேட்டில் எழுதினேன். தடை சொன்னவர்: மணமகன். காரணம்: மேற்படியாரின் பொய். எழுதியதை வாசித்துக் காட்டி அவரிடம் கையெழுத்து வாங்கினேன். கையெழுத்து முழுதாக இருந்தது.

சுகிர்தபாய் வெளியே வந்ததும் உரக்கச் சொன்னார்: "இதுவரைக்கும் நானாக்கும் மாப்பிளமார வேண்டாம்னு சொன்னது. மொதல்முறையா ஒருத்தன் என்னைய வேண்டாம்னுட்டான். கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு."

மாமரத்தடியில் ஷாலு ஜெயதாசிடம் வந்தாள். நான் பதிவேட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு மூன்றடி தள்ளி நின்றேன்.

"கல்யாணம் கழிஞ்சா, சென்டரப் பூட்டிட்டு எனக்க கூட மஸ்கட்டுக்கு வருவியளா?"

லீலாபாய் டீச்சர் அவர் வாயையே பார்த்தார். 'அதுக்கென்ன' என்று வரப்போகிறது என்று நானும் நினைத்தேன்.

"முடியாது ஷாலு. எனக்கு அங்க வந்து ஒண்ணும் செய்யத் தெரியாது. இங்க இருந்துகிடுதேன்."

"சரி. இருங்க. நான் ரெண்டு வருஷத்துல வாறேன்" என்றாள் அவள். லீலாபாய் டீச்சர் குடையை விரித்தார். அதற்குப்பிறகு யாரும் இருபத்தைந்தாம் தேதி விமானத்தைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் ஜெயதாஸ் அடாப்டரின் நான்காவது பதிலை 'இல்லை' என்று மாற்றினார். மேப்பர் உடனே நின்றது. பிறகு அதற்கு வேறு ஏற்பாடு எழுதினார். முதலில் பெரிய டேட்டாபேஸில் எழுதி உறுதியானபின்தான் பழைய ஃபைலில் எழுத வேண்டும். நீக்கச் சொன்னால் ஃபைலைச் சுருக்கி, திரும்பத் திறந்து, உண்மையிலேயே இல்லை என்று பார்த்தபிறகே இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரு ஓலை பதிவாக முன்பு இரண்டு நொடி, இப்போது பதினேழு. என் கடிகாரத்தில் பார்த்தேன்.

28-ஆம் தேதி கமிட்டி கூடி இந்த விவகாரத்தை விசாரித்தது. அச்சுப்பொறியே காரணம் என்று ஒருமனதாகத் தீர்மானித்துப் புதிய அச்சுப்பொறி வாங்க உத்தரவிட்டது. சுகிர்தபாய் லீவு. ஜெயதாஸ் எழுந்து ஏதோ சொல்லப் போனார். "டீ ஆறுது" என்றார் போதகர்.

நவம்பர் 30. கொன்னக்காட்டுவிளையில் ரெத்தினதாஸ் புதிய காகிதத்தைப் பிரித்தார். ஜெயதாசுக்கும் ஷாலுவுக்கும் நிச்சயமாகியிருக்கிறது, தடை அறிந்தவர் இப்போதே சொல்லவும் என்று வாசித்துவிட்டு நிமிர்ந்து கடைசி பெஞ்சைப் பார்த்தார். சபை முழுவதும் கழுத்தைத் திருப்பி அதே பெஞ்சைப் பார்த்தது. ஜெயதாஸ் எழுந்திருக்கவில்லை. லீலாபாய் டீச்சர் மட்டும் திரும்பிப் பார்க்காமல் அடுத்த பாட்டின் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.